இருபத்தோர் இலக்கத்து எண் ஒன்றின் வரலாறு

நாட்டுக்கு வரலாறு உண்டு. மொழிக்கு வரலாறு உண்டு. அரசர்க்கும் புலவர்க்கும் வரலாறு உண்டு. தனியோர் எண்ணுக்கு வரலாறு உண்டா? உண்டு என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த எண் வருமாறு:

147573952589676412927

இதில் இருபத்தோர் இலக்கங்கள் உள்ளன. நம் கணக்கு முறையில் சொன்னால், ஏறத்தாழப் பதினான்கு இலட்சத்து எழுபத்தையாயிரம் கோடி கோடி. அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இவ்வெண் கிடைக்கும். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துச் செல்லும் கதையை நாம் எல்லாரும் மாணவர்க்குச் சொல்லியிருக்கிறோம். அறுபத்து நான்கு கட்டங்களிலும் சேரும் நெல்லின் தொகை இரண்டின் 64ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அத்தொகையை எட்டால் பெருக்கி ஏழு கூட்டினால் நாம் எடுத்துக்கொண்ட எண் வந்துவிடும்.

இவ்வெண்ணைப் பற்றி அறிஞர் உலகம் 1644 முதல் 1903 வரை, அதாவது 259 ஆண்டுகள், ஒரே ஒரு கேள்வியைக் கேட்டது: இது பகா எண்ணா, பகு எண்ணா? ஒருவர் பகா எண் என்று சொன்னார். மற்றொருவர் அன்று என்று நிறுவினார். மூன்றாமவர் எல்லார் கண்ணுக்கும் தெரியுமாறு காட்டினார். சொல்லுதல், நிறுவுதல், காட்டுதல் என்னும் இம்மூன்றும் வேறு வேறு என்பதைக் கணக்குப் பாடம் நடத்தும் நாம் மறந்துவிடலாகாது. அவ்வேறுபாட்டை இவ்வெண்ணின் வரலாறு போலத் தெளிவாக உணர்த்துவது வேறொன்றை நான் அறியேன்.

பகா எண்ணும் நிறைவெண்ணும்

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். 2, 3, 5, 7, 11 ஆகியன பகா எண்கள். மற்றவை பகு எண்கள். இது நம் மாணவர்க்கும் தெரிந்த செய்தி.

பழங்காலக் கிரேக்கர் நிறைவெண் என்று மற்றொரு வகையையும் போற்றினர். ஓர் எண்ணைவிடச் சிறியனவாகிய அதன் காரணிகளை எல்லாம் கூட்டினால் அவ்வெண்ணே வருமாயின் அது நிறைவெண். 6இன் காரணிகள் 1, 2, 3. அவற்றின் தொகை 6. 28இன் காரணிகள் 1, 2, 4, 7, 14, தொகை 28. அடுத்தவை 496, 8128. கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் தம் பெருநூலின் ஒன்பதாம் பகுதியின் இறுதியில் இவற்றை ஆக்கும் வழியைக் கூறியுள்ளார். இரண்டின் ஏதேனும் ஓர் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் எண் பகா எண்ணாயின், அதனை முந்திய அடுக்கால் பெருக்கினால் நிறைவெண் கிடைக்கும். எட்டில் ஒன்று குறைந்தால் 7. அது பகா எண். நான்கால் பெருக்க 28 வருகிறது.

ஆகவே இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்களுள் எவை பகா எண்கள் என்பது பெருங்கேள்வியாயிற்று. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகவே இருக்கும். நான்காம் அடுக்கு 15 தரும். ஆறாம் அடுக்கு 63 தரும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்? இரண்டாம் அடுக்கு 3, மூன்றாம் அடுக்கு 7, ஐந்தாம் அடுக்கு 31, ஏழாம் அடுக்கு 127. எல்லாம் பகா எண்களே. இவ்வளவையும் பார்த்தவர்கள் எப்போதும் இப்படித்தான் என்று நம்பியதில் வியப்பில்லை. ஆனால் 1536இல் இரேகியசு என்பார் பதினோராம் அடுக்கு தரும் 2047 என்பது 23ஐ 89ஆல் பெருக்கி வருவது என்று காட்டினார். நான்கு எடுத்துக்காட்டுகளை அடுக்கிவிட்டு விதி கண்டுவிட்டதாக எண்ணும் பழக்கத்துக்கு விழுந்த முதல் அடி இது.

மெர்சென் சொன்னது

மரேன் மெர்சென் (1588–1648) பிரெஞ்சு நாட்டுத் துறவி. பாரிசில் தம் மடத்தில் இருந்தபடியே ஐரோப்பிய அறிஞர் பலருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தேக்கார்த்து, பெர்மா முதலியோரின் கருத்துகள் அவர் வழியாகப் பரவின. அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில் அவரே ஓர் இதழாக விளங்கினார் எனலாம்.

அவர் 1644இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், இரண்டின் 257ஆம் அடுக்கு வரை எந்தெந்த அடுக்குகளில் ஒன்று குறைந்தால் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் தந்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இவை பதினொன்று மட்டுமே. மற்ற அடுக்குகள் தருபவை எல்லாம் பகு எண்கள் என்றார். நம் எண்ணின் வரலாறு இங்கே தொடங்குகிறது. அந்தப் பட்டியலின் 67தான் அது.

பத்தொன்பதாம் அடுக்கு வரையில் இத்தாலியர் கத்தால்தி 1588 அளவிலேயே சோதித்து முடித்திருந்தார். அதற்கு மேற்பட்டவற்றை மெர்சென் எவ்வாறு அறிந்தார்? அவர் சான்று எதுவும் தரவில்லை. பதினைந்து இருபது இலக்கங்கள் கொண்ட எண் பகா எண்ணா என்று சோதித்தறியக் காலமெல்லாம் போதாது என்று அவரே கூறியுள்ளார். அவ்வாறு கூறியவரின் பட்டியலிலேயே 21 இலக்க எண்ணும், 39 இலக்க எண்ணும், 78 இலக்க எண்ணும் இடம்பெற்றன!

1772இல் ஆய்லர் 31ஆம் அடுக்கைச் சோதித்து, 2147483647 பகா எண்ணே என்று நிறுவினார். மெர்சென் சொன்னது அவ்விடத்தில் சரியாயிற்று. அதனால் மற்றவையும் சரியாகவே இருக்கும் என்ற மதிப்பு வளர்ந்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காகவும், மறுத்துக் காட்ட வழியில்லை என்பதற்காகவும் ஒரு கூற்று எவ்வளவு காலம் உயிர்வாழ முடியும் என்பதற்கு இப்பட்டியலே சான்று.

லூக்காஸ் நிறுவியது

எதுவார் லூக்காஸ் (1842–1891) பாரிசு நகரப் பள்ளிகளில் கணிதம் கற்பித்த ஆசிரியர். பிள்ளைகள் விளையாடும் ஹனோய் கோபுரத்தை 1883இல் வெளியிட்டவரும் அவரே. மூன்று கம்பங்களும் பல வட்டத் தட்டுகளும் கொண்ட அவ்விளையாட்டில், தட்டுகள் எத்தனையோ இரண்டின் அத்தனையாம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணிக்கையில் தட்டுகளை மாற்றிவைக்க வேண்டும். அறுபத்தேழு தட்டுகள் வைத்து ஆடினால் ஆட்டம் முடிய வேண்டிய நகர்வுகளின் எண்ணிக்கை நம் எண்ணேயாகும்.

1876இல் லூக்காஸ் ஒரு புதிய சோதனை முறையைக் கண்டார். பின்னர் 1930இல் அமெரிக்கர் லேமர் அதனை எளிமையாக்கினார். எளிமையான வடிவத்தை இங்கே தருகிறேன். 4இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழித்தால் 14. மீண்டும் அவ்வாறே செய்தால் 194. இவ்வாறு தொடர்க. சோதிக்கும் எண்ணைவிடப் பெரிதாகிவிட்டால், அவ்வெண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. அடுக்கில் ஒன்று குறைந்த இடத்தில் மீதி சுழியானால் அது பகா எண். சுழியாகாவிடில் பகு எண். இது மூன்றாம் அடுக்கு முதலாகப் பொருந்தும்.

ஐந்தாம் அடுக்கான 31ஐச் சோதிப்போம். நான்காம் இடத்தைப் பார்க்கவேண்டும். முதலில் 4, அடுத்து 14, அடுத்து 194, அதை 31ஆல் வகுக்க மீதி 8, அடுத்து 8 பெருக்கல் 8, அதில் இரண்டு குறைய 62, மீதி சுழி. எனவே 31 பகா எண். இனிப் பதினோராம் அடுக்கான 2047. பத்தாம் இடம் வரை செல்லவேண்டும். வரிசை இது: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. இறுதி மீதி சுழியன்று. எனவே 2047 பகு எண்.

இங்கே ஆசிரிய அன்பர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். மேற்கண்ட வரிசையில் 23 எங்கே? 89 எங்கே? எங்கும் இல்லை. 2047 உடையும் என்று இச்சோதனை ஐயமறச் சொல்கிறது. எப்படி உடையும் என்று சொல்லவில்லை. பூட்டிய பெட்டியைத் திறவாமலே உள்ளே இருப்பது ஒன்றன்று என்று அறிவது போன்றது இது.

லூக்காஸ் தம் முறையால் 127ஆம் அடுக்கு தரும் 39 இலக்க எண் பகா எண்ணே என்று முடிவு கண்டார். 1951 வரை அதனினும் பெரிய பகா எண்ணை உலகம் அறியவில்லை. அதே 1876இல் 67ஆம் அடுக்கு தரும் நம் எண் பகா எண் அன்று என்றும் முடிவு கண்டார். மெர்சென் பட்டியலில் முதல் ஓட்டை விழுந்தது. 67 என்பது 61 என்பதன் அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று கருதியோரும் உளர். 61ஆம் அடுக்கு பகா எண் தருவதை 1883இல் உருசிய நாட்டுப் பெர்வூசின் நிறுவினார். ஆனால் அது மெர்சென் பட்டியலில் இல்லை.

நம் எண் உடையும் என்பது தெரிந்தது. உடைத்தவர் இல்லை. இந்நிலை இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தது.

கோல் காட்டியது

பிராங்கு நெல்சன் கோல் (1861–1926) நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராக 1896 முதல் 1920 வரை பணியாற்றியவர். 1903ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் நியூயார்க்கில் அக்கழகம் கூடியபோது, பேரெண்களின் காரணிகளைக் காண்பது பற்றிய தம் ஆய்வை அவர் வழங்கினார். அவர் தந்த விடை இது:

193707721 × 761838257287 = 147573952589676412927

இடப்பக்கத்து எண்கள் இரண்டும் பகா எண்கள். மெர்சென் கூற்று முற்றாக வீழ்ந்தது. லூக்காஸ் கூற்று கண்கூடாயிற்று. நான்காம் ஆண்டு மாணவன் கற்ற பெருக்கல் முறை ஒன்றே இதனைச் சரிபார்க்கப் போதும். பொறுமை மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

இவ்வெண்களை அவர் எவ்வாறு கண்டார்? 1640இல் பெர்மா மெர்சென்னுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு விதி கூறியிருந்தார். பகா எண்ணாகிய அடுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டால், அதனால் வரும் எண்ணின் காரணி ஒவ்வொன்றும் அந்த அடுக்கின் இருமடங்கின் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும். பதினோராம் அடுக்கிற்கு இருமடங்கு 22. 22உடன் ஒன்று கூட்ட 23. நான்கு இருபத்திரண்டு 88, ஒன்று கூட்ட 89. இரண்டும் அவ்விதிக்குள் அடங்குகின்றன.

நம் எண்ணுக்கு அடுக்கு 67, இருமடங்கு 134. எனவே 134இன் மடங்குகளோடு ஒன்று கூட்டி வருபவற்றை மட்டும் சோதித்தால் போதும். சிறிய காரணியாகிய 193707721 அந்த வரிசையில் 14,45,580ஆவது எண். எட்டால் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வருபவையே காரணியாகலாம் என்ற மற்றொரு விதியும் உண்டு. அது வேலையைப் பாதியாக்கும். அப்போதும் 7,22,790 எண்கள் எஞ்சும். நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்கு எட்டு மணி நேரம் சோதித்தாலும் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். 21 இலக்க எண்ணை ஒன்பது இலக்க எண்ணால் ஒரு நிமிடத்தில் வகுப்பார் எவருமில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

வெறும் உழைப்பு இங்கே போதாது. கோல் இருபடி எச்சங்கள் என்னும் கணித உண்மைகளைத் திரட்டி, காரணியாக இருக்கவே முடியாத எண்களைக் கூட்டங்கூட்டமாகக் கழித்துக்கொண்டே சென்றார். வயலில் ஒவ்வொரு நெல்லாகப் பொறுக்காமல் சல்லடை கொண்டு சலிப்பது போன்றது அவர் முறை. 1903 டிசம்பரில் கழகத்தின் இதழில் வெளியான அவரது கட்டுரை அந்த முறையை விளக்குகிறது.

கதையும் சான்றும்

கோல் பற்றி உலகெங்கும் வழங்கும் கதை ஒன்று உண்டு. அன்று அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகைக்குச் சென்றாராம். இரண்டின் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தாராம். பலகையின் மற்றொரு பக்கத்தில் இரண்டு எண்களை எழுதி வரிவரியாகப் பெருக்கினாராம். இரண்டு விடைகளும் ஒன்றாயின. அவர் பேசாமலே போய் அமர்ந்தார், அவையோர் கைதட்டினர். கேள்வி கேட்பார் எவருமில்லை. எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னர்க் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

ஆசிரியர் உள்ளத்தைக் கவரும் கதை. நானும் இதனைச் சொல்லி மகிழ்ந்ததுண்டு. ஆயினும் இக்கட்டுரையின் அளவுகோலை இக்கதைக்கும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. இதனைப் பரப்பியவர் கணித வரலாற்று நூல்கள் பல எழுதிய பெல் என்பார். அவர் தம் நூலில் இதனை எழுதியது 1951இல். நிகழ்ச்சி நடந்து நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின். பெல் சுவைக்காகச் செய்திகளை மெருகேற்றுபவர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. ஒரு சொல்லும் பேசாத சொற்பொழிவு நடந்ததோ இல்லையோ, முறையை விளக்கிய கட்டுரை கையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளையும் கணக்கிடலாம். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 156 ஞாயிறுகள். நாளுக்கு எட்டு மணி, நிமிடத்துக்கு ஒன்று என்று கொண்டால் 74,880 சோதனைகள். வேண்டிய 7,22,790இல் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். எனவே கதை முழுதும் உண்மையாகவே இருந்தாலும், அது மௌனத்தின் வெற்றியோ வெறும் பொறுமையின் வெற்றியோ அன்று, முறையின் வெற்றி. கதையை மட்டும் சொல்லிவிட்டு முறையைச் சொல்லாது விட்டால், மெர்சென் செய்ததையே நாமும் செய்தவராவோம்.

வகுப்பறைக்கு

மெர்சென் பட்டியல் 1947 அளவில் முழுவதும் சரிபார்க்கப்பட்டது. 67, 257 இரண்டும் தவறாகச் சேர்க்கப்பட்டவை. 61, 89, 107 மூன்றும் தவறாக விடப்பட்டவை. பிறகு கணினி வந்தது. கோல் உழைத்துக் கண்ட காரணிகளை இன்றைய கணினி நொடிப்பொழுதில் தந்துவிடும். லூக்காஸ் கண்ட வழியை ஒட்டியே 2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று உறுதி செய்யப்பட்டது. அது இரண்டின் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. ஆனால் உடையும் என்று அறிதலுக்கும் உடைத்துக் காட்டுதலுக்கும் இடையே உள்ள தொலைவைக் கணினியும் நீக்கிவிடவில்லை. இரண்டின் 1277ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 385 இலக்க எண் பகு எண் என்பது உறுதியாகத் தெரியும். 2024 வரையிலும் அதன் காரணி ஒன்றைக்கூட எவரும் கண்டிலர். 1876 முதல் 1903 வரை நம் எண் இருந்த அதே நிலையில் அது இருக்கிறது.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு 2047ஐக் கொடுத்துக் காரணி காணச் சொல்வது என் வழக்கம். 45க்கு உட்பட்ட பகா எண்கள் பதினான்கு. அவற்றை ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுத்தால், 23ஐப் பெற்ற பிள்ளைக்குத்தான் மீதியின்றி வரும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் கணக்கு வறண்ட பாடம் என்று சொல்லமாட்டார்கள். அதன் பிறகு பெர்மாவின் விதியைச் சொன்னால், முதல் சோதனையிலேயே 23 அகப்படுவதைக் கண்டு, விதி என்பது எதற்கு என்று அவர்களே உணர்வார்கள்.

கோலின் பெருக்கலை ஒன்பதால் சோதிக்கும் பழைய முறையையும் காட்டலாம். முதற்காரணியின் இலக்கங்களைக் கூட்ட 37. இரண்டாவதன் இலக்கங்களைக் கூட்ட 64. பெருக்குத்தொகையின் இலக்கங்களைக் கூட்ட 109. மூன்றையும் ஒன்பதால் வகுக்க மீதி 1. ஒன்று பெருக்கல் ஒன்று, ஒன்று, சோதனை பொருந்துகிறது. பொருந்தியதனாலேயே பெருக்கல் சரி என்று ஆகிவிடுமா என்று உடனே கேட்கவேண்டும். ஆகாது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் இச்சோதனை அதைக் காட்டாது. பொருந்தாவிடில் தவறு என்பது உறுதி. பொருந்தினால் தவறு அகப்படவில்லை என்பதே பொருள். இவ்வேறுபாட்டைப் பன்னிரண்டு வயதில் ஒரு மாணவன் அறிந்துகொண்டால் அவன் செய்தித்தாள் படிக்கும்போதும் அது அவனுக்குத் துணையாகும்.

விடைத்தாள் திருத்தும்போது விடையை மட்டும் எழுதிய மாணவனும் நம்மிடம் வருவான். வழியை எழுதி விடையில் வழுவியவனும் வருவான். விடை மட்டும் எழுதியவனிடம், அது சரியாகவே இருந்தாலும், எப்படி வந்தது என்று கேட்போம். ஆசிரியர் சொல்வதை ஏன் என்று கேட்கும் மாணவனுக்கும் அதே மதிப்பைத் தருவோம். மெர்சென்னை அவர் காலத்தவர் அவ்வாறு கேட்டிருப்பின், நம் எண்ணைப் பற்றிய பொய் இத்தனை தலைமுறை உண்மையென உலவியிராது.